ஐஸ் பெட்டியில் வந்த பிளேட்லெட்டை ஏன் ஏற்றவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் வந்ததால் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பிளேட்லெட் கவுண்ட் 8,000 என்றார்கள், ரத்தக் கசிவு எதுவும் இல்லை. தம்பி திருச்சிக்குப் போய் ஒரு ரத்த வங்கியில் சிவப்பணு ஒரு பை, எஸ்டிபி (ஒரே கொடையாளியிடமிருந்து இயந்திரத்தில் எடுத்த) பிளேட்லெட் ஒரு பை வாங்கி, இரண்டையும் ஒரே தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கொண்டுவந்தான். வார்டில் முதலில் சிவப்பணுவை ஏற்றினார்கள். அது முடியும்வரை பிளேட்லெட் பை பெட்டியிலேயே ஐஸுக்கு நடுவில் இருந்தது. சாயங்காலம் சிஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். அவர் ரத்த வங்கிக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டு, "இதை ஏற்ற முடியாது" என்று சொல்லிவிட்டார். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பை. மறுநாள் வேறு பை வாங்கி ஏற்றினோம், அப்பா இப்போது தேறிவிட்டார். ஆனால் தம்பி தன்னால்தான் வீணாயிற்று என்று இன்னும் புலம்புகிறான். அமெரிக்காவில் பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் 14 நாள் வைக்கிறார்கள் என்று ஒரு செய்தியில் படித்தேன். அங்கே 14 நாள் வைக்கலாம் என்றால் இங்கே சில மணி நேரத்தில் எப்படிக் கெடும்? மறுபடி பணம் கட்டவைக்கச் சொன்ன சாக்கா? அடுத்த தடவை தானே பிளேட்லெட் கொடுப்பதாகத் தம்பி சொல்கிறான், கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், தப்பு அவர் மேல் இல்லை. ரத்தம் என்றால் ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம், சிவப்பணு விஷயத்தில் அது சரியும்கூட. இரண்டு பையையும் ஒரே ஆளிடம் கொடுத்து அனுப்புகிறவர் "இதற்கு ஐஸ் வேண்டும், அதற்குக் கூடவே கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லி, பெட்டியையும் தனித்தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். நோயாளியின் வீட்டு ஆட்களே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் பைக்கிலும் ஊர்விட்டு ஊர் ஓடுகிற நம் நிலைமையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவது, ரத்த வங்கியிலேயே வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம். அந்த சிஸ்டருக்கு என் பாராட்டு. பை சில்லென்று இருப்பதைக் கவனித்து, ஏற்றாமல் நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டாரே, அதைத்தான் செய்ய வேண்டும்.

அது சாக்கு இல்லை. நீங்கள் படித்த செய்தியும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வி, அதற்குப் பதில் அப்பாவுக்கு அன்றைக்கு எதற்காகப் பிளேட்லெட் தேவைப்பட்டது என்பதில் இருக்கிறது. அவருக்கு ரத்தக் கசிவு இல்லை. கீமோவால் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்திருக்கும் நாட்களில் திடீரென்று மூளையிலோ குடலிலோ கசிவு வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுக்கும் பாதுகாப்பு அது. அப்படிக் கொடுக்கும் பிளேட்லெட் உடம்புக்குள் போய் மூன்று நான்கு நாளாவது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்ந்துபோன பிளேட்லெட்டால் அது முடியாது. அமெரிக்காவில் ஃபிரிட்ஜில் வைப்பது, இப்போதே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு உடனே ரத்தத்தை உறையவைக்க. அங்கே அது நாலு நாள் சுற்ற வேண்டியதில்லை, அடுத்த சில மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தால் போதும். மூலப்பொருள் ஒன்றுதான், ஆனால் நான் இதை இரண்டு வேறு மருந்தாகத்தான் பார்க்கிறேன்.

குளிர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பிளேட்லெட் என்பது உட்கரு இல்லாத, இரண்டு மூன்று மைக்ரான் அகலமே உள்ள தட்டையான துணுக்கு. உடம்பில் எட்டிலிருந்து பத்து நாள் வாழும். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் அந்தத் தட்டை வடிவம் மாறத் தொடங்கி, உருண்டையாகி, சுற்றிலும் முள்முள்ளாக நீட்டிக்கொள்கிறது. காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்வதற்காக அது எடுக்கும் வடிவமும் ஏறக்குறைய இதுதான், அதாவது காயமே இல்லாமல் பாதி தயாராகிவிடுகிறது. அதோடு, பிளேட்லெட்டின் மேற்பரப்பில் ஜிபி ஒன்-பி என்ற ஒட்டும் புரதம் உண்டு, அது வழக்கமாகப் பரவலாக இருக்கும், குளிரில் அங்கங்கே கொத்துக்கொத்தாகக் கூடிவிடும். கல்லீரலில் ரத்தத்தைச் சலித்துக்கொண்டிருக்கும் விழுங்கணுக்கள் இந்தக் கொத்துகளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்து விழுங்கிவிடுகின்றன. இதை பாஸ்டனில் கரின் ஹாஃப்மைஸ்டர், தாமஸ் ஸ்டாசெல் குழுவினர் 2003-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். குளிரில் நீண்ட நேரம் இருந்தால் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையும் உதிர ஆரம்பிக்கும், அப்போது கல்லீரலின் சாதாரண செல்களே அதை இழுத்துக்கொள்ளும். மறுபடி சூடாக்கினால் வடிவம் ஓரளவு திரும்பலாம், ஆனால் மேற்பரப்பில் விழுந்த அந்த அடையாளம் போகாது. அதனால்தான் "வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஏற்றலாமே" என்பது உதவாது.

அந்தக் குழு இதற்கு ஒரு வழியும் யோசித்தது. பிளேட்லெட்டின் மேற்பரப்பில் வெளியே தெரியும் சர்க்கரையை இன்னொரு சர்க்கரையால் மூடிவிட்டால் கல்லீரலுக்கு அடையாளம் தெரியாதே என்று. எலிகளில் பிரமாதமாக வேலை செய்தது. மனிதர்களிடம் சோதித்தபோது பலிக்கவில்லை, மூடிய பிளேட்லெட்டும் அதே வேகத்தில்தான் காணாமல் போனது. அப்புறம் அந்த வழி அப்படியே நின்றுவிட்டது.

சரி, அன்றைக்கு அந்தப் பையை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விஷமாகியிருக்காது. ஏற்றி ஒரு மணி நேரத்தில் கவுண்ட் பார்த்திருந்தால் ஏறியும்கூட இருக்கலாம். மறுநாள் காலையில் பார்க்கும்போது பெரும்பகுதி இறங்கியிருக்கும். நீங்கள் எல்லோரும் "ஏற்றியாயிற்று" என்ற நிம்மதியில் இருந்திருப்பீர்கள், அப்பாவோ காய்ச்சலோடு, பாதுகாப்பு இல்லாமல் இருந்திருப்பார். ஏற்றாமல் விட்டதைவிட இதுதான் ஆபத்து. இன்னொன்றும் உண்டு, ஐஸ் பேக்கை ஒட்டியே இருந்த பக்கம் எத்தனை டிகிரிக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. ஃபிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும், அதை ஒட்டி வைத்தால் உறைந்துகூடப் போகலாம், உறைந்தால் செல் உடையும். என்ன நடந்தது என்று தெரியாத பையை ரத்த வங்கியும் திரும்ப வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பத்தாயிரம் ரூபாய் போனது வலிக்கும், தெரிகிறது. ஆனால் அந்தப் பையை நிராகரித்தவர்கள் அப்பாவின் பக்கம் நின்றுதான் அதைச் செய்தார்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று செய்திகளில் எழுதுகிறார்கள். உண்மையில் அதுதான் பழைய வழக்கம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரெய்ரெய்க் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைகளில் பலர் செத்தது புற்றுநோயால் நேரடியாக அல்ல, ரத்தம் கசிந்து கசிந்துதான். கவுண்ட் இறங்க இறங்கக் கசிவு கூடுகிறது என்று அவரும் கூட வேலை செய்தவர்களும் 1962-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், பிளேட்லெட் ஏற்றுவது வழக்கமானது அதற்குப் பிறகுதான். ரத்தத்தை வைக்கிற அதே ஃபிரிட்ஜில், 4 டிகிரியில்தான் பிளேட்லெட்டையும் வைத்தார்கள், வேறு எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. 1969-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் 4 டிகிரியில் வைத்ததையும் 22 டிகிரியில் வைத்ததையும் ஆட்களுக்கு ஏற்றி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 22 டிகிரியில் இருந்தவை நாள்கணக்கில் சுற்றின, ஃபிரிட்ஜில் இருந்தவை சீக்கிரமே மறைந்துவிட்டன. உலகம் முழுக்க ரத்த வங்கிகள் மெதுவாக 22 டிகிரிக்கு மாறியதற்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். நம் நாட்டு விதியும் அதுதான்: 20-லிருந்து 24 டிகிரி, நிற்காத அசைவு, 5 நாள்.

அசைவு ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் ரத்த வங்கிக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியாக அந்த இயந்திரத்தைத்தான் நின்று பார்ப்பார்கள். உலோகத் தட்டுகளில் மஞ்சள் நிறப் பைகள் படுத்திருக்கும், தட்டுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிமிடத்துக்கு அறுபது எழுபது தடவை நகர்ந்துகொண்டே இருக்கும், ராத்திரி பகல் கிடையாது. பிளேட்லெட் உயிரோடு இருப்பதால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அந்தப் பையின் பிளாஸ்டிக் காற்று ஊடுருவும் வகை, வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே போகும், கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். அசைத்துக்கொண்டே இருந்தால்தான் எல்லாவற்றுக்கும் காற்று போய்ச் சேரும். நெடுநேரம் அசையாமல் கிடந்தால் அடியில் படிந்து, மூச்சுத் திணறி, அமிலம் சுரந்து, பைக்குள் பிஎச் அளவு இறங்கும். 6.2-க்குக் கீழே போனால் அந்தப் பை போச்சு. பயணத்தில் ஓரிரு மணி நேரம் அசையாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

நல்ல பையை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு, பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். பையை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரலால் லேசாக அமுக்கித் திருப்பினால், உள்ளே பட்டுப்புடவையை வெயிலில் திருப்பும்போது ஓடுவதுபோல ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடும். தட்டை வடிவத்தில் இருக்கும் கோடிக்கணக்கான பிளேட்லெட்டுகள் சேர்ந்து திரும்பும்போது ஒளி சிதறுவதுதான் அது. உருண்டையாகிவிட்டால் மினுமினுப்பு போய்விடும், வெறும் கலங்கல் மஞ்சள்தான் தெரியும். குளிர்ந்த பையில் இது இருக்காது. ரத்த வங்கியில் பையை வெளியே அனுப்பும் முன் டெக்னீஷியன் செய்கிற சோதனைகளில் இதுவும் ஒன்று.

22 டிகிரிக்கு ஒரு விலை இருக்கிறது, அது கிருமி. கொடையாளியின் தோலிலிருந்து ஊசி வழியாக நாலைந்து பாக்டீரியா உள்ளே போனாலும் அந்தச் சூட்டில், சத்தான பிளாஸ்மாவில், நாளாக ஆகப் பெருகிவிடும். அமெரிக்காவில் 1984-ல் பிளேட்லெட்டின் ஆயுளை 7 நாளாகக் கூட்டிப் பார்த்தார்கள், கிருமித் தொற்று காரணமாக 1986-ல் மறுபடி 5 நாளுக்கே இறக்கினார்கள். அந்த 5 நாளிலும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று எல்லாச் சோதனையும் முடிந்து பை வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும். மிச்சம் நாலு நாள். தீபாவளி, பொங்கல் என்று தொடர் விடுமுறை வந்தால் ரத்ததான முகாம் நடக்காது, முகாம் இல்லாவிட்டால் சிவப்பணுவைக்கூட ஒரு மாதச் சேமிப்பை வைத்துச் சமாளித்துவிடலாம், பிளேட்லெட் அலமாரி காலியாகிவிடும். அதே ஐப்பசி கார்த்திகையில் டெங்குவும் வரும். தம்பி திருச்சி வரை ஓட வேண்டியிருந்ததற்கும் இந்த 5 நாள் கணக்குத்தான் வேர்க்காரணம்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். போர்முனையில் குண்டடி பட்டவருக்கு உடனே பிளேட்லெட் வேண்டும், ஆனால் அந்த இடத்தில் 22 டிகிரி அறையும் ஆட்டும் இயந்திரமும் வைத்திருப்பது பெரும் பாடு. ஃபிரிட்ஜ் எங்கேயும் கிடைக்கும். அதனால் அமெரிக்க ராணுவம் பழைய வழக்கத்தை மறுபடி கையில் எடுத்தது. குளிரில் பாதி தயாராகி நிற்கிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, ரத்தம் கொட்டும்போது அதுவே அனுகூலம்: ஆய்வகத்தில் பார்த்தால் குளிர் பிளேட்லெட் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, உறைகட்டியும் உறுதியாக வருகிறது. ஃபிரிட்ஜில் பெரும்பாலான கிருமிகள் பெருகுவதும் இல்லை, ஆட்டவும் வேண்டாம். 2015-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ரத்தம் கொட்டும் நோயாளிகளுக்காக மட்டும் குளிர் பிளேட்லெட்டை 3 நாள் வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2023 ஜூனில் வந்த வழிகாட்டுதலில் அது 1-லிருந்து 6 டிகிரியில் 14 நாள் என்று ஆனது. அதிலும் நிபந்தனை இருக்கிறது, ரத்தக் கசிவு இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும், வழக்கமான பிளேட்லெட் கிடைக்காத அல்லது பயன்படுத்த வசதியில்லாத நிலைமையாகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்த செய்தியில் இந்த வரி விடுபட்டுப்போயிருக்கும். இந்த நிபந்தனையின்படி பார்த்தால், அப்பா அன்றைக்கு அமெரிக்காவிலேயே இருந்திருந்தாலும் அவருக்கு அந்தக் குளிர் பிளேட்லெட் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு வித்தியாசம், அங்கே ஃபிரிட்ஜில் வைப்பது என்றால் ரத்தத்துக்கென்றே உள்ள ஃபிரிட்ஜ். எப்போது உள்ளே போனது, எத்தனை டிகிரி, கட்டி கட்டியிருக்கிறதா என்று எல்லாம் பதிவாகும், 'குளிர்' என்று லேபிளும் ஒட்டியிருக்கும். தெர்மோகோல் பெட்டி அதற்கு ஈடாகாது.

இந்தக் குளிர் முறை நிரூபணமான விஷயமா என்றால், பாதி. நார்வேயில் பெர்கனில் இதய அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் குளிர் பிளேட்லெட் வழக்கமானதற்குச் சளைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் அத்தனை சின்ன ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. இதைத் தீர்மானிக்கத்தான் சிப்ஸ் என்ற பெரிய ஆய்வை அமெரிக்காவில் தொடங்கினார்கள். என் கருத்தைக் கேட்டால், நம் மாநிலத்துக்கு இது வந்தால் முதலில் போக வேண்டிய இடம் பெரிய நகரத்துத் தனியார் மருத்துவமனை அல்ல. பிரசவத்தில் ரத்தப்போக்கு வரும் தாய்மார்கள் போய்ச்சேரும் தாலுகா அளவிலான சீமாங்க் என்ற அவசர மகப்பேறு சிகிச்சை மையங்களுக்கும், நெடுஞ்சாலை ஓரத்து விபத்துப் பிரிவுகளுக்கும்தான் வர வேண்டும். அங்கே பல இடங்களில் ரத்த ஃபிரிட்ஜ் ஏற்கெனவே இருக்கிறது, ஆட்டும் இயந்திரமும் 22 டிகிரி அறையும்தான் கிடையாது. பிரசவித்த பெண்ணுக்கு உதிரம் நிற்காதபோது "மாவட்டத் தலைநகரிலிருந்து பிளேட்லெட் வந்துகொண்டிருக்கிறது" என்று காத்திருக்கும் அந்த நேரம் கொடுமையானது, அதைக் குறைக்க எது உதவினாலும் நான் அதன் பக்கம். ஆனால் விதி, பயிற்சி, தனி லேபிள் எல்லாம் முதலில் வர வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ப் பை அப்பாவைப் போன்றவருக்கும் சாதாரணப் பை கசிவு உள்ளவருக்கும் மாறிப்போகும். இப்போதைக்கு நம் ஊரில் பிளேட்லெட் என்றால் 22 டிகிரி, அவ்வளவுதான்.

இனி அடுத்த கீமோவுக்கு. கவுண்ட் பொதுவாகக் கீமோ கொடுத்த இரண்டாவது வாரத்தில்தான் அடிமட்டத்துக்குப் போகும், மருந்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். எந்த நாட்களில் இறங்கும் என்று உங்கள் ரத்தப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே ரத்த வங்கியிடம் சொல்லிவிடுங்கள். 5 நாள் ஆயுள் உள்ள பொருளை அவசரத்தில் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எடுத்துவரும்போது சிவப்பணுப் பைக்கு ஒரு பெட்டி, ஐஸ் பேக்கோடு, பை நேரடியாக ஐஸைத் தொடாதபடி. பிளேட்லெட்டுக்கு வேறு பெட்டி, ஐஸே இல்லாமல். அதற்காக வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டும் வரக் கூடாது. "அறை வெப்பநிலை" என்று லேபிளில் போட்டிருப்பது ஏசி அறையின் வெப்பநிலை. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அறை அல்ல, அது 22 டிகிரியைத் தாண்டி இருமடங்குக்குப் போய்விடும், சூடும் பிளேட்லெட்டைக் கெடுக்கும். தெர்மோகோல் பெட்டி வெளிச் சூடு உள்ளே வராமல் காக்க மட்டும், ஏசி போட்ட காரில் ஆட்கள் உட்காரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள். வழியில் சாப்பிட நிற்க வேண்டாம்.

வார்டுக்கு வந்ததும் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு உட்காராதீர்கள், சிஸ்டர் கையில் கொடுத்து "இது பிளேட்லெட், ஐஸில் வைக்கவில்லை, ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பையும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் இல்லாதபோது, எது முதலில் என்று மருத்துவரைக் கேளுங்கள். சிவப்பணு ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், பிளேட்லெட் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், வார்டில் அதை வைத்துப் பாதுகாக்க வசதியும் கிடையாது. அதனால் பிளேட்லெட்டை முதலில் ஏற்றுவதுதான் பெரும்பாலும் உசிதம், சிவப்பணுவை மருத்துவமனையின் ரத்த ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், வார்டில் மருந்தும் இன்சுலினும் வைக்கிற ஃபிரிட்ஜில் அல்ல. சிவப்பணு ஏற்றிய அதே டியூபில் பிளேட்லெட்டை விட வேண்டாம், புது செட் கேளுங்கள். ஏற்றிய ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை கவுண்ட் பார்த்தால் நல்லது. ஒரு எஸ்டிபி பை சாதாரணமாக 30,000-லிருந்து 50,000 வரை கூட்டும். காய்ச்சலோ வீங்கிய மண்ணீரலோ இருந்தால் குறைவாகத்தான் ஏறும். உடனேயும் ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை, இப்படியே இரண்டு மூன்று தடவை நடக்கிறது என்றால் எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதை மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

8,000 என்றதும் ஏற்றியது சரிதான், கீமோ நோயாளிக்குக் கசிவு இல்லாவிட்டாலும் 10,000-க்குக் கீழே போனால் கொடுப்பது வழக்கம். ஆனால் இதே எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் டெங்கு வந்த பிள்ளைக்கும் பிளேட்லெட் கேட்டு ஓடாதீர்கள். டெங்குவில் மஜ்ஜை சில நாளில் தானாக எழுந்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கவுண்ட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த டெங்கு நோயாளிகளிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், கசிவைத் தடுக்க முன்கூட்டியே ஏற்றியதால் பலன் தெரியவில்லை, ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. டெங்குக் காலத்தில் தேவையில்லாமல் ஏறும் ஒவ்வொரு பையும் அப்பாவைப் போன்ற ஒருவருக்குக் கிடைக்காமல் போகும் பை, அதனால்தான் இதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக, தம்பி கொடுக்கலாமா? அவருடைய மனசு புரிகிறது, ஆனால் அப்பாவுக்கு அவர் கொடுக்க வேண்டாம், குறைந்தபட்சம் உங்கள் ரத்தப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நாளைக்கு அப்பாவுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்பட்டால் கொடையாளியாக முதலில் சோதிக்கப்படுவது அவருடைய உடன்பிறந்தவர்களும், பாதிப் பொருத்தம் உள்ள பிள்ளைகளான நீங்களும் தம்பியும்தான். இப்போதே உங்கள் ரத்தம் அவர் உடம்புக்குள் போனால் அதற்கு எதிர்ப்பு உருவாகி, பின்னால் அந்த சிகிச்சை ஒட்டாமல் போக வாய்ப்பு கூடும். நெருங்கிய ரத்த உறவினரின் பையில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதில் உள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கத் தொடங்கும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கதிர்வீச்சு கொடுத்த பையில் இந்த ஆபத்து நீங்கிவிடும், முதல் சிக்கல் நீங்காது. யாருடைய பையாக இருந்தாலும் அப்பாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததுதான் வேண்டுமா, வெள்ளையணு வடிகட்டியது வேண்டுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்பா பெயரைச் சொல்லாமல், ரத்த வங்கியில் பொதுக் கொடையாளியாகப் பதிந்துகொள்ளட்டும், அப்பாவுக்கு வேறு யாரோ கொடுத்தது வரும், இவர் கொடுத்தது வேறு யாருக்கோ போகும். 50 கிலோவுக்கு மேல் எடை, கவுண்ட் ஒன்றரை லட்சத்துக்கு மேல், கை நரம்பும் தடிமனாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும், நடுவில் உதடு மரத்ததுபோல, குறுகுறுவென்று இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இழுப்பதால் வருவது அது, கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள், சரியாகிவிடும். கொடுத்த பிளேட்லெட் சில நாளில் உடம்பில் ஊறிவிடும். தலைவலி, மூட்டுவலி என்று ஆஸ்பிரின் போட்டிருந்தால் மட்டும் மூன்று நாள் கழித்துப் போகச் சொல்லுங்கள்.